ஓட்டல்களில் ஏஜென்சி ஆட்கள்: மளிகை வியாபாரிகள் அறிய வேண்டிய கணக்கு



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஓட்டல் நடத்துகிறவர்களிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டால், முன்பெல்லாம் அரிசி விலை, எண்ணெய் விலை, சிலிண்டர் விலை என்று வரிசையாகச் சொல்வார்கள். இப்போது முதலில் வரும் பதில், "சரக்கு இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார்கள், ஆள்தான் இல்லை" என்பதாகும். இந்தக் குறையைப் போக்க, தினக் கணக்கிலோ வாரக் கணக்கிலோ ஆள் அனுப்பும் ஏஜென்சிகளை ஓட்டல்காரர்கள் நாடுகின்றனர். சப்ளையர், கிளீனர், காய்கறி நறுக்குபவர், பார்சல் கட்டுபவர் என்று எந்த வேலைக்கும் ஆள் அனுப்பப்படுகிறது. கூலியை ஏஜென்சி கொடுக்கிறது. ஓட்டல்காரர் ஏஜென்சிக்கு மொத்தமாகப் பில் கட்டுகிறார்.

ஓட்டல் விஷயம் நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஓட்டல்கள் நம்முடைய கடன் வாடிக்கையாளர்கள். அவர்களுடைய கூலிச் செலவு தவறினால் நம் பாக்கி நிற்கும். இரண்டாவது, இதே ஏஜென்சிகள் இப்போது மளிகைக் கடைக்கும் மொத்த மண்டிக்கும் ஆள் தருவதாகச் சொல்லி வருகின்றன. தீபாவளி, பொங்கல் சமயத்தில் நாமும் அவர்களிடம் போக நேரிடும். ஆகவே இந்த ஏற்பாட்டின் லாப நட்டத்தையும் சட்டப் பொறுப்பையும் நாம் தெளிவாக அறிந்திருப்பது நல்லது.

வேலை சீராக வருவதில்லை

மளிகைக் கடையில் மாதத்தின் முதல் பத்து நாள் நெரிசல், பிறகு தொய்வு என்பது நாம் அறிந்ததே. ஓட்டல் வேலையில் ஏற்ற இறக்கம் இதைவிட அதிகம். ஒரே நாளுக்குள் மூன்று முறை கூட்டம் ஏறி இறங்கும். 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஓட்டல்களுக்கு வேலை நாட்களின் மதிய நேரமே முக்கியம். ஞாயிற்றுக்கிழமை அங்கே பாதி மேசை காலியாக இருக்கும். ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலைகளின் ஷிப்ட் நேரத்தையும் சம்பளத் தேதியையும் ஒட்டியே வியாபாரம் நடக்கிறது. பூந்தமல்லிப் பக்கம் நிலைமை வேறு. அங்கே முகூர்த்த நாளும் கோயில் நாளும்தான் கணக்கு. ஆடி மாதத்தில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கும் மாங்காடு காமாட்சியம்மன் கோயிலுக்கும் வரும் கூட்டத்தால் சிற்றுண்டிக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. அதே ஆடியில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஆவணி பிறந்தால் மண்டபம் நிறையும், கோயில் வழிக் கடைகளில் கூட்டம் குறையும்.

இப்படி ஏறி இறங்கும் வேலைக்கு, உச்சத்தில் தேவைப்படும் ஆள் அத்தனை பேரையும் மாதச் சம்பளத்தில் வைத்திருந்தால் ஓட்டல் தாங்காது. குறைந்த அளவு ஆளோடு நடத்தினால், கூட்டம் வரும் நாளில் வாடிக்கையாளர் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பத்தான் ஏஜென்சி ஆள்.

இது நமக்குப் புதிதன்று

பெயர்தான் புதிது. மேஸ்திரி மூலம் ஆள் திரட்டும் பழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. கல்யாணச் சமையலை ஒப்பந்தம் எடுப்பவர், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பந்தி பரிமாறவும் பாத்திரம் துலக்கவும் ஆட்களைச் சேர்த்துக் கொண்டு வருவது இன்றும் நடைமுறை. அவர்களுக்குக் கூலி கொடுப்பது சமையல் ஒப்பந்தக்காரர். பெண் வீட்டார் அவரிடம் மட்டுமே கணக்கு முடிக்கிறார்கள். ஏஜென்சியும் இதே முறைதான். வேறுபாடு என்னவென்றால், சமையல் ஒப்பந்தக்காரர் தாமே அடுப்படியில் நின்று வேலை வாங்குவார். ஏஜென்சிக்காரர் ஆளை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்; வேலை வாங்குவது ஓட்டல்காரர். பொறுப்பு பற்றிய சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளம்புகின்றன.

வெளிநாடுகளில் இது பெரிய தொழிலாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1948இல் தொடங்கப்பட்ட மேன்பவர் நிறுவனம் இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. தொழில் வளர்ந்தபோது கட்டுப்பாடும் வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997இல் இயற்றிய 181ஆம் எண் உடன்படிக்கை, வேலை தேடி வருபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக்கூடாது என்பதைப் பொது விதியாக வைத்தது. பிரிட்டனில் 2011 அக்டோபர் 1 முதல், ஏஜென்சி ஆள் ஒரே இடத்தில் ஒரே வேலையில் 12 வாரம் முடித்தால், அங்கே நேரடியாக வேலை செய்பவருக்குரிய அடிப்படைச் சம்பளம் அவருக்கும் கிடைக்க வேண்டும் என்று விதி உள்ளது. குறைந்த கூலிக்கு ஆள் எடுக்கும் குறுக்கு வழியாக இது மாறிவிடக் கூடாது என்பதே இவ்விதிகளின் நோக்கம்.

ஆள் தட்டுப்பாடு ஏன் இவ்வளவு?

நம் பகுதி ஓட்டல்களில் வேலை செய்பவர்களில் கணிசமானோர் பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஊருக்குப் போகும் காலம் ஒரே சமயத்தில் வருகிறது. 2020 ஊரடங்கில் மே மாதம் முதல் சிறப்பு ரயில்களில் அவர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பியதை நாம் பார்த்தோம். அதே மே மாதத்தில் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேடு மீண்டும் திறந்தது. ஆள் இல்லாவிட்டால் சரக்கு எத்தனை இருந்தும் பயனில்லை என்பதை அந்தச் சில மாதங்கள் நமக்குக் கற்றுக் கொடுத்தன. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத்தார் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. ஹோலிப் பண்டிகையும் அதே சமயத்தில் வர, பலர் ஊருக்குப் புறப்பட்டனர். 2025இல் தீபாவளி, சத் பூஜை, அதையடுத்து நவம்பர் 6, 11 தேதிகளில் பீகார் சட்டமன்றத் தேர்தல் என்று மூன்றும் சேர்ந்து வந்தன.

இத்தகைய சமயங்களில் ஏஜென்சி ஓரளவுதான் உதவும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஏஜென்சியின் ஆட்களும் அதே ஊர்க்காரர்கள் என்றால், அவர்களும் அதே ரயிலில்தான் போவார்கள். உள்ளூர்ப் பெண்கள், கல்லூரி மாணவர்கள், பக்கத்துக் கிராமத்தார் எனப் பலதரப்பட்ட ஆட்களைப் பதிந்து வைத்திருக்கும் ஏஜென்சியால்தான் அந்த நேரத்தில் கை கொடுக்க முடியும். ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.

பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

பலரும் கூலியை மட்டும் பார்த்து முடிவு செய்கின்றனர். பில் வந்த பிறகு திகைக்கின்றனர். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட தொகை. குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பதை அரசாணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கிளீனருக்கு நாள் கூலி ரூ.550 என்று கொள்வோம். மாதம் 26 நாள் வேலை.

கூலி: ரூ.14,300
ஈ.எஸ்.ஐ. நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம்: ரூ.465
பி.எஃப். நிர்வாகத்தின் பங்கும் அதன் இதரக் கட்டணங்களும் சேர்த்து 13 சதவீதம்: ரூ.1,859
இதுவரை: ரூ.16,624
ஏஜென்சி கமிஷன் கூலியில் 8 சதவீதம் என வைத்தால்: ரூ.1,144
இதுவரை: ரூ.17,768
ஜி.எஸ்.டி. 18 சதவீதம்: ரூ.3,198
மொத்தப் பில்: ரூ.20,966

அதாவது நாள் ஒன்றுக்கு ரூ.806. அந்தத் தொழிலாளிக்குக் கையில் கிடைப்பது எவ்வளவு? அவர் பங்காக ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் ரூ.107, பி.எஃப். 12 சதவீதம் ரூ.1,716 பிடித்தது போக, ரூ.12,477. கொடுப்பவர் ரூ.21,000 கொடுக்கிறார், வாங்குபவர் ரூ.12,500 வாங்குகிறார். இடையிலுள்ள தொகையில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் தொழிலாளியின் நன்மைக்குப் போகிறவை. அவை உண்மையிலேயே கட்டப்படுகின்றனவா என்பதுதான் கேள்வி.

இதே ஆளை நேரடியாக வைத்தால் செலவு ரூ.16,624. இந்தத் தொகையை ஏஜென்சியின் நாள் கணக்கான ரூ.806ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20½ நாள் வருகிறது. ஆகவே ஒரு வேலைக்கு மாதத்தில் 20 நாளுக்கு மேல் ஆள் தேவைப்பட்டால் சொந்த ஆள் வைப்பதே லாபம். பத்து நாள், பன்னிரண்டு நாள்தான் தேவை என்றால் ஏஜென்சி லாபம். பத்து நாளைக்கு ஏஜென்சி பில் ரூ.8,060, மாத ஆளுக்கு அதைப்போல இரு மடங்குக்கு மேல் ஆகிறது. கூலியும் கமிஷனும் மாறினால் இந்த நாள் கணக்கும் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். ஆண்டு முழுவதும் அதே நான்கு பேர் ஏஜென்சி பெயரில் தினமும் வருகிறார்கள் என்றால், அந்த ஓட்டல்காரர் கணக்குப் பார்க்கவில்லை என்று பொருள்.

ஜி.எஸ்.டி. யாருக்குச் சுமை?

ஆள் அனுப்பும் சேவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. கமிஷனுக்கு மட்டுமன்றி, கூலி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. அனைத்தும் அடங்கிய முழுப் பில் தொகைக்கும் வரி போடப்படுகிறது. இதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்பது வியாபாரத்தைப் பொறுத்தது.

சாதாரண ஓட்டல்கள் 2017 நவம்பர் 15 முதல் 5 சதவீத வரி வசூலிக்கின்றன; ஆனால் உள்ளீட்டு வரி வரவு எடுக்க அவர்களுக்கு உரிமையில்லை. ஆகவே ஏஜென்சி பில்லின் 18 சதவீதம் முழுதும் அவர்களுக்குச் செலவே. இணக்க வரித் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில் உள்ள கடைக்காரருக்கும் இதே நிலைதான். மளிகை வியாபாரியின் நிலை இடைப்பட்டது. மூட்டை பிரித்துச் சில்லறையாக விற்கும் அரிசி, பருப்புக்கு வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு 5 சதவீதம். வரியுள்ள சரக்கும் வரியில்லாத சரக்கும் சேர்த்து விற்பவர், ஏஜென்சி பில்லின் வரி வரவில் வரியில்லாச் சரக்குக்குரிய பங்கைத் திருப்பிக் கழிக்க வேண்டும். முழுவதும் எடுத்துக்கொண்டு, பிறகு வட்டியுடன் கட்டும்படி ஆகக்கூடாது.

ஆண்டு வரவு ரூ.20 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய ஏஜென்சி ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. அதன் பில்லில் வரி இருக்காது. அதனால் மலிவாகத் தெரியும். ஆனால் அத்தகையவரிடம் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பதிவும் இருக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஆள் அனுப்பும் பில்லுக்கு வருமான வரிப் பிடித்தமும் உண்டு. ஒரே பில் ரூ.30,000க்கு மேலோ, ஆண்டு மொத்தம் ரூ.1 லட்சத்துக்கு மேலோ போனால், ஏஜென்சி தனிநபர் என்றால் 1 சதவீதமும் மற்ற நிறுவனம் என்றால் 2 சதவீதமும் பிடிக்க வேண்டும். முந்தைய ஆண்டு விற்றுமுதல் ரூ.1 கோடியைத் தாண்டாத தனிநபர் வியாபாரிக்கு இந்தக் கடமை இல்லை. கூட்டு நிறுவனத்துக்கு உண்டு.

கூலி கொடுக்காமல் போனால் யார் பொறுப்பு?

இக்கட்டுரையின் முக்கியமான பகுதி இது. "நான் ஏஜென்சிக்குப் பணம் கட்டிவிட்டேன், என் கடமை முடிந்தது" என்று நினைப்பது சட்டப்படி சரியன்று.

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே, ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை உரிமையாளர் கொடுக்க வேண்டும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் புதிய தொகுப்பு எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய அதன் பகுதி 50 பேர் அல்லது அதற்கு மேல் ஒப்பந்த ஆட்கள் உள்ள இடங்களுக்குப் பொருந்தும். இதைக் கேட்டு, "நம்மிடம் ஐந்து பேர்தானே" என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புக்கு அப்படிப்பட்ட எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒப்பந்தக்காரர் ஊதியம் தராவிட்டால், அந்த இடத்தின் உரிமையாளரே பாக்கிக்குப் பொறுப்பாவார் என்று அத்தொகுப்பு சொல்கிறது.

அதே தொகுப்பில் நாம் மனதில் பதிக்க வேண்டிய சில விதிகள்:

தினக்கூலி ஆளுக்கு அன்றைய வேலை முடியும்போதே கூலி தர வேண்டும். வாரக் கூலி ஆளுக்கு வாரத்தின் கடைசி வேலை நாளில் தர வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். வேலையிலிருந்து நின்றாலோ நிறுத்தப்பட்டாலோ இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு இரு மடங்கு கூலி. ஓட்டல் வேலைக்கும் கடை வேலைக்கும் தனித்தனியே குறைந்தபட்ச ஊதியம் உண்டு. அதன் அகவிலைப்படி நம் மாநிலத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறுகிறது. சென்ற ஆண்டுக் கணக்கிலேயே பில் வந்தால், தொழிலாளிக்குக் கூலி குறைகிறது என்று அறிக.

ஈ.எஸ்.ஐ., பி.எஃப். சந்தாவும் இப்படித்தான். ஒப்பந்தக்காரர் கட்டாமல் விட்டால் முதன்மை உரிமையாளரிடம் வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீடும் அவ்வாறே. ஓட்டல் அடுப்படியில் கொதிக்கும் எண்ணெயும் சிலிண்டரும் கிரைண்டரும் இருக்கின்றன. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் முதற்கொண்டே, ஒப்பந்தக்காரரின் ஆளுக்குக் காயம் பட்டாலும் முதன்மை உரிமையாளரிடம் இழப்பீடு கேட்கலாம் என்ற கொள்கை உள்ளது. ஈ.எஸ்.ஐ.யில் பெயர் பதிந்த ஆளுக்கு அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற இடங்களில் சிகிச்சை கிடைத்துவிடும். பதியாத ஆள் என்றால் தனியார் மருத்துவமனைச் செலவு யார் தலையில் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெயரளவுக்கு ஏஜென்சி வைத்துக்கொள்வதும் உதவாது. 1978இல் கேரளக் கயிற்று ஆலை ஒன்றைப் பற்றிய ஹுசைன்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், இடையில் ஒப்பந்தக்காரர் இருந்தாலும், தொழிலாளியின் பிழைப்பு யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவரே உண்மையான முதலாளி என்றது. 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில், ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டதும் ஆட்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. எனினும், ஒப்பந்தம் வெறும் போலி என்று தெரிந்தால் அவர்கள் உரிமையாளரின் நேரடித் தொழிலாளிகளே என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. தம் சொந்த ஆட்களையே ஒரு ஏஜென்சியின் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளும்படி ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. அந்த ஆலோசனையைக் கேட்க வேண்டாம்.

எந்த வேலைக்கு ஏஜென்சி ஆள் பொருந்தும்?

அனுபவத்தில் பார்த்தால், கையின் பக்குவம் தேவைப்படும் வேலைக்குத் தற்காலிக ஆள் சரிப்படுவதில்லை. சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர் ஆகியோரிடம்தான் ஒரு ஓட்டலின் ருசி இருக்கிறது. தினம் ஒருவர் சாம்பார் வைத்தால் வாடிக்கையாளர் தங்க மாட்டார். கல்லாவும் சரக்கு அறைச் சாவியும் சொந்த ஆளிடமே இருக்க வேண்டும். இலை போடுதல், தண்ணீர் வைத்தல், மேசை துடைத்தல், பாத்திரம் துலக்குதல், காய் நறுக்குதல், பார்சல் கட்டுதல் போன்றவற்றுக்கு ஏஜென்சி ஆள் போதும். அதிலும் ஒரே ஆளை மீண்டும் மீண்டும் அனுப்பும்படி கேட்டு வாங்க வேண்டும். புது ஆளுக்கு ஒரு நாள் முழுதும் இடம் பழகவே சரியாகிவிடும். அந்த நாளின் கூலியும் நம் செலவே.

உணவைத் தொட்டு வேலை செய்யும் எவருக்கும், தற்காலிக ஆளாக இருந்தாலும், ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனைச் சான்றும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அச்சான்று ஏஜென்சியிடம் இருந்தால் போதாது. நகல் ஓட்டலில் இருக்க வேண்டும். பருப்பு, மசாலா பொட்டலம் போடும் நம் கடைகளுக்கும் இது பொருந்தும்.

வயதையும் சான்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். 2006 அக்டோபர் 10 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களை ஓட்டல்களில் வேலைக்கு வைக்கத் தடை வந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு எந்தத் தொழிலிலும் வைக்கக்கூடாது. குறைந்தது ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். "ஏஜென்சி அனுப்பிய பையன்" என்ற பதில் செல்லாது.

நம் கடைக்கு இது பயன்படுமா?

மாத முதல் பத்து நாளைக்கும், பண்டிகைக்கு முந்தைய இரு வாரத்துக்கும், பொட்டலம் போட, மூட்டை அடுக்க, வீட்டுக்குச் சரக்குக் கொண்டு போய்க் கொடுக்க ஆள் தேவைப்படுகிறது. மேலே சொன்ன நாள் கணக்குப்படி இவை ஏஜென்சிக்குப் பொருத்தமான வேலைகளே. ஆனால் எடை போடுவதையும் பணம் வாங்குவதையும் அவர்களிடம் விட வேண்டாம். லாரி இறக்கும் வேலையில் நம் பகுதி லோடுமேன்களின் வழக்கத்தை மீறி வெளியாளைக் கொண்டுவந்தால் தகராறு வரும். முதலில் அவர்களோடு பேசிக்கொள்வது நல்லது. 2021இல் நம் மாநிலக் கடைகள் சட்டத்தில் செய்த திருத்தப்படி, வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும். பத்து நாளைக்கு வந்தவருக்கும் ஒரு ஸ்டூல் போடுவதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை.

நல்ல வாய்ப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 250 தொழிலாளர் இருந்தால்தான் கேண்டீன் கட்டாயம். புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை, ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து 100. அம்பத்தூர், ஆவடி, திருமழிசைத் தொழிற்பேட்டைகளில் நடுத்தர ஆலைகள் கேண்டீன் தொடங்கினால் அரிசி, பருப்பு, எண்ணெய்க்குப் புது வாடிக்கையாளர் கிடைப்பர். அந்தக் கேண்டீன்களும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் கையில்தான் போகும். ஆகவே, சரக்குக்குப் பணம் தருவது ஆலையா, ஒப்பந்தக்காரரா என்பதை முதல் மூட்டை இறங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடன் கொடுப்பவர் கவனத்துக்கு

ஏஜென்சிக்கு வாரம் தவறாமல் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மறுநாள் ஆள் வராது. நம் பாக்கி முப்பது நாள், நாற்பது நாள் பொறுக்கும் என்பது ஓட்டல்காரருக்குத் தெரியும். எனவே கை இறுகும்போது முதலில் நிற்பது மளிகைப் பாக்கிதான். நம்மிடம் கடன் வைத்துள்ள ஓட்டலில் சொந்த ஆள் குறைந்து ஏஜென்சி ஆள் பெருகுகிறார்களா, சரக்கு எடுப்பு கூடாமல் ஆள் செலவு மட்டும் கூடுகிறதா என்று பார்த்து வாருங்கள். பழகிய மாஸ்டர் நின்றுவிட்டார் என்று தெரிந்தால், அந்த வாரமே சிட்டையை எடுத்துக்கொண்டு போய் உரிமையாளரிடம் நேரில் பேசுவது நல்லது. நெருக்கடி கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வரம்பைக் குறைத்து, பழைய பாக்கியைத் தவணையாக வாங்கிக்கொண்டால் இருவரும் பிழைக்கலாம்.

ஏஜென்சியிடம் கேட்டு வாங்க வேண்டியவை

1. ஜி.எஸ்.டி., பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பதிவு எண்களின் நகல்.
2. வரும் ஒவ்வொருவரின் பெயர், வயதுச் சான்று, ஆதார் நகல், ஈ.எஸ்.ஐ. எண்.
3. கூலி, சந்தா, கமிஷன், வரி ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் பில். மொத்தத் தொகை மட்டும் எழுதிய பில்லை ஏற்க வேண்டாம்.
4. சென்ற மாதக் கூலி தொழிலாளியின் வங்கிக் கணக்கில் சேர்ந்ததற்கும் சந்தா கட்டியதற்கும் அத்தாட்சி. இதைக் காட்டிய பிறகே இந்த மாதப் பில்லுக்குப் பணம்.
5. ஆள் வராவிட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று ஆள் என்பது.
6. கூலி பாக்கி வைத்து நாம் கொடுக்க நேர்ந்தால், அதை ஏஜென்சி திருப்பித் தரும் என்ற ஒப்புதலும், ஒரு மாதக் கூலிக்குச் சமமான முன்வைப்பும்.
7. வேலை தேடி வந்தவரிடம் கமிஷன் பிடிப்பதில்லை என்ற எழுத்து உறுதி.

நாம் வைத்துக்கொள்ள வேண்டியது ஒரு வருகைப் பதிவேடு. வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். தகராறு வரும் நாளில் அதுவே நமக்குச் சாட்சி.

சங்கம் செய்யக்கூடியது

சிறு கடைக்காரர் தனியாக நின்று ஏஜென்சியிடம் இத்தனை கேள்விகள் கேட்டால், "வேண்டுமென்றால் எடுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். நாற்பது கடைகள் சேர்ந்து கேட்டால் பதில் வேறாக இருக்கும். நம் கிளைச் சங்கங்கள் ஒரே மாதிரியான ஒப்பந்தப் படிவம் ஒன்றைத் தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். சரியாகக் கூலியும் சந்தாவும் கட்டும் ஏஜென்சிகளின் பட்டியலை வைத்திருக்கலாம். ஓட்டலுக்கு மதியம் ஆள் தேவை, மளிகைக் கடைக்கு மாலையில் ஆள் தேவை. மண்டபத்துக்கு முகூர்த்த நாளில் தேவை, நமக்கு மாத முதல் வாரத்தில் தேவை. ஒரே வட்டாரத்தில் உள்ள வேலையாட்களின் பெயர்களைப் பதிந்து வைத்து, தேவைப்படும் கடைக்கு முறைவைத்து அனுப்பினால், அவர்களுக்கு மாதம் முழுதும் வேலை கிடைக்கும். நமக்குத் தெரிந்த ஆள் கிடைப்பார். இதை அடுத்த பொதுக்குழுவில் எடுத்துப் பேசுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். புதிய தொகுப்புகளின் மாநில விதிகள் குறித்து, நம் பகுதித் தொழிலாளர் துறை அலுவலரை அழைத்து ஒரு விளக்கக் கூட்டமும் நடத்தலாம்.

ஆள் தற்காலிகமாக வரலாம். அவர் பசி தற்காலிகமானதன்று. நம்மிடம் வேலை செய்தவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று ஒரு முறை விசாரித்துவிட்டுப் பில்லில் கையெழுத்திடுங்கள். அது தொழிலாளிக்கும் நல்லது, நம் முதலுக்கும் காவல்.